வானத்திலும் எல்லைக்கல்

பின்லாந்தின் ஹெல்சின்கி விமான நிலையத்திலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் 7,830 கிலோமீட்டர். பூமியைப் பிசிறில்லாத கோளமாக எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் அதிகம். அதையும் சேர்த்துக்கொண்டால் விடை அரை சதவீதத்துக்குள் மாறும். கண்டங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதால் ஆயிரம் ஆண்டில் சில பத்து மீட்டர் கூடலாம், குறையலாம். மற்றபடி இந்தத் தூரம் அசையாத எண்.

பயண நேரம் அப்படியில்லை. 1983இல் ஹெல்சின்கியில் ஏறியவர் எங்கும் இறங்காமல் டோக்கியோ போய்ச் சேர ஏறத்தாழ 13 மணி நேரம் ஆனது. பிறகு அது ஒன்பதரை மணியாகக் குறைந்தது. 2022 மார்ச்சில் மறுபடி 13 மணியை ஒட்டி ஏறிவிட்டது. இதற்கிடையில் விமானங்கள் மெதுவாகிவிடவில்லை. 1983இல் பறந்த டிசி-10 விமானமும் இன்று பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டித்தான் செல்கின்றன. நாற்பது ஆண்டுப் பொறியியல் முன்னேற்றம் எரிபொருளைப் பாதியை நோக்கி இறக்கியது, இரைச்சலை அடக்கியது. கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. கடிகாரத்தைத் திருப்பியவை வேறு விஷயங்கள்.

முதலில் அந்த 7,830ஐப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஹெல்சின்கியையும் டோக்கியோவையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு உரால் மலைத்தொடரின் தென்பகுதியையும் மங்கோலியாவையும் கடந்து சாய்வாக இறங்கும். அந்தக் கோட்டின்படியே பறந்தால் தூரம் 8,780 கிலோமீட்டர். வரைபடக் கலைஞர் மெர்காட்டர் 1569இல் இந்த வகை வரைபடத்தை வரைந்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் பாதையில் போவோமோ அது அதில் நேர்கோடாக விழும். கப்பலோட்டிக்கு அது பெரிய வசதி. அது குறுக்குவழி என்று அவர் எங்கும் சொல்லவில்லை, நாமாகவே நினைத்துக்கொண்டோம்.

குறுக்குவழி வேண்டுமென்றால் பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் தானாகவே வடக்கு நோக்கி எழும்பும். ஹெல்சின்கியிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி 67 டிகிரி அட்சரேகை வரை ஏறி, ஓப் ஆறு கடலில் கலக்கும் பகுதிக்கு அருகே உச்சியைத் தொட்டு, பிறகு சைபீரியாவின் குறுக்கே தெற்கே சரிந்து டோக்கியோவில் இறங்கும். பூமியின் மையத்தை நடுவாக வைத்து உருண்டையை வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு இந்தப் பாதை. பெருவட்டம் என்பார்கள். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கிளம்பும்போது விமானத்தின் மூக்கு வடக்கிலிருந்து 51 டிகிரி கிழக்கே சாய்ந்திருக்கும். போய்ச் சேரும்போது 152 டிகிரி, அதாவது தெற்கை ஒட்டிய தென்கிழக்கு. நடுவில் விமானம் எங்கும் திரும்பவில்லை. மாறிக்கொண்டே இருந்தது அதன் அடியில் இருந்த தீர்க்கரேகைகளின் கோணம்தான்.

வரைபடக் கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 950 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். லண்டனிலிருந்து டோக்கியோ போகும் பெருவட்டமும் இப்படித்தான் வடக்கே வளைந்து ஸ்காண்டிநேவியாவின் மேலே ஏறுகிறது. லண்டன்–டோக்கியோ நேர்த்தூரம் சுமார் 9,600 கிலோமீட்டர். நடுவில் ஹெல்சின்கியில் இறங்கி விமானம் மாறினால் கூடுவது 100 கிலோமீட்டருக்கும் குறைவு! ஐரோப்பாவின் ஓர் ஓரத்தில், ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் நாட்டின் விமான நிறுவனமான ஃபின்ஏர், ஆசியப் பயணிகளை ஐரோப்பா முழுவதுக்கும் பிரித்தனுப்பும் தொழிலைக் கட்டியெழுப்பியது இந்த வடிவக்கணிதத்தின் மேல்தான். ஹெல்சின்கி–டோக்கியோ ஒரு போக்குக்கு ஒன்பதரை மணி நேரம், மறு போக்குக்குப் பத்து. இடையில் இறங்கி ஏற நேரம். ஒரு விமானம் 24 மணிக்குள் டோக்கியோ போய்த் திரும்பி மறுநாள் அதே நேரத்தில் மறுபடி கிளம்பிவிடும். அட்டவணை போடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

ஆனால் பாதையில் பெரும்பகுதி ஒரே நாட்டின் தலைக்கு மேல் செல்கிறது.

கடலில் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் எந்தக் கப்பலும் தடையின்றிப் போகலாம். வானம் வேறு மாதிரி. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில், கீழே இருப்பவருக்கு ஒலிகூடக் கேட்காமல் போகிற விமானத்துக்கும் அனுமதி வேண்டும். இறங்காமல் கடந்துமட்டும் போவதற்குப் பொதுவான இசைவு தரும் துணை ஒப்பந்தம் ஒன்றும் அதே மாநாட்டில் உருவானது. சோவியத் ஒன்றியம் மாநாட்டுக்கே வரவில்லை. ரஷ்யா அந்தத் துணை ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. உலகிலேயே பரப்பில் பெரிய நாடு, ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் குறுக்குவழிகள் எல்லாம் கடந்துபோகிற நாடு, சேரவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: சாவி தன் கையில் இருக்கும்போது கதவைப் பொதுவாக்க யாருக்கு மனம் வரும்?

நம் பக்கத்திலும் இதே சட்டம்தான் வேலை செய்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போகும் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று.

சைபீரியா மூடிக்கிடந்த காலத்தில் ஐரோப்பியர்கள் ஜப்பானுக்கு எப்படிப் போனார்கள்? ஒரு வழி தெற்கே: மத்திய கிழக்கு, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்கு ஆசியா என்று ஊர் ஊராக இறங்கி ஏறி. 1950களில் அதற்கு 50 மணி நேரம் போல ஆகும். ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் நிறுவனம் மறுபக்கம் யோசித்தது. 1957 பிப்ரவரி 24 அன்று கோபன்ஹேகனிலிருந்து ஒரு விமானமும் டோக்கியோவிலிருந்து ஒரு விமானமும் கிளம்பி வட துருவத்துக்கு அருகே ஒன்றையொன்று கடந்தன. இறங்கி எரிபொருள் நிரப்ப அலாஸ்காவின் ஆங்கரேஜ். நான்கு சுழல்விசிறி எஞ்சின் கொண்ட டிசி-7சி விமானங்கள் அவை. பயணம் சுமார் 32 மணியாகச் சுருங்கியது.

துருவத்தில் திசை கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. காந்த வடதுருவம் அன்று கனடாவின் ஆர்க்டிக் தீவுகள் பக்கம் இருந்தது. அதன் அருகே போனால் காந்த முள் வடக்கைக் காட்டுவதற்குப் பதில் கீழ்நோக்கிச் சாயத் தொடங்கும். புவியியல் துருவத்தில் வேறு சங்கடம். தீர்க்கரேகைகள் அனைத்தும் அங்கே ஒரு புள்ளியில் கூடுகின்றன. நேராகப் பறக்கும் விமானத்தின் ‘திசை’ சில நிமிடங்களில் வடக்கிலிருந்து தெற்காகப் புரண்டுவிடும். துருவத்தில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு. ஆகவே எஸ்ஏஎஸ் வழிகாட்டிகள் தீர்க்கரேகைகளை ஒதுக்கிவிட்டு, வரைபடத்தின் மேல் சதுரக் கட்டங்களை வரைந்து, கட்டத்தின் ‘மேற்பக்கம்’தான் வடக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கற்பனை வடக்கை மணிக்கணக்கில் பிசகாமல் நினைவில் வைத்திருக்கத் துல்லியமான கைரோ கருவி ஒன்றும், சரிபார்க்கச் சூரியனும் நட்சத்திரங்களும் துணைக்கு இருந்தன. எளிமையான யோசனை. ஆனாலும் அந்த நாட்களின் மிக அழகான பொறியியல் தந்திரங்களில் ஒன்று என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த முப்பது ஆண்டுகள் ஆங்கரேஜ் உலகின் பரபரப்பான சந்திகளில் ஒன்று. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், எங்கிருந்து கிளம்பினாலும் ஜப்பான் போகிறவர் அங்கே ஒரு மணி நேரம் கால் நீட்ட வேண்டும். அந்தத் தலைமுறை ஜப்பானியப் பயணிகளுக்கு ஆங்கரேஜ் என்றதும் நினைவுக்கு வருவது விமான நிலையத்துக்குள் விற்ற உடோன் நூடுல்ஸ்.

1983 ஏப்ரலில் ஃபின்ஏர் ஆங்கரேஜையும் விட்டது. கூடுதல் எரிபொருள் தொட்டியுள்ள டிசி-10 விமானம் ஹெல்சின்கியிலிருந்து நேராக வடக்கே போய், துருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவுக்கும் சோவியத்துக்கும் நடுவேயுள்ள பெரிங் நீரிணை வழியாக இறங்கி, பசிபிக் ஓரமாக டோக்கியோ சேர்ந்தது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இறங்காமல் பறந்த முதல் சேவை அதுதான். சோவியத்தின் பக்கத்து வீடான பின்லாந்து, சோவியத் மண்ணைத் தொடாமல் அதை முழுதாகச் சுற்றிப் போனது. கோளத்தின் மேல் கூட்டிப் பார்த்தால் இந்த வழி 10,600 கிலோமீட்டருக்குக் குறையாது. சோவியத்தின் காம்சத்கா தீபகற்பத்தை விலகிப் போக வேண்டும் என்பதால் இன்னும் கூடும். நேர்வழியைவிட 3,000 கிலோமீட்டர் போல அதிகம். 900ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். ஒன்பதரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையிலான இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

காம்சத்காவை விலகிப் போவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோல் சென்ற கொரிய விமானம் 007, பாதை பிசகிக் காம்சத்காவையும் சகாலின் தீவையும் கடந்தது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். தானியங்கி விமானி, வழிகாட்டும் கருவியோடு இணையாமல் ஒரே திசைக் கோணத்தில் பறக்கும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 1993 விசாரணை முடிவு செய்தது. கிளம்பும்போது சிறிதாக இருந்த விலகல், மணிக்கணக்கில் பறந்தபின் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆகிவிட்டது. அந்தச் சம்பவத்துக்குச் சில நாட்களில் அமெரிக்க அதிபர் ரீகன், ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ், முடிந்ததும் பொதுமக்கள் விமானங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அறிவித்தார். இன்று நம் கைபேசி பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்வதற்குப் பின்னால் அந்த 269 பேரும் இருக்கிறார்கள்.

சோவியத் ஒன்றியம் உடைந்து, 1990களில் சைபீரிய வானம் பரவலாகத் திறந்தது. சும்மா அல்ல. கடந்து போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்குத் தனிக் கட்டணம் செலுத்தின. மொத்தத்தில் அது ஆண்டுக்குச் சில நூறு மில்லியன் யூரோ. முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். மூன்றரை மணி நேரம் மிச்சமாகிறதே.

2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில நாட்களில், ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா 36 நாடுகளின் நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடிப் பதிலடி கொடுத்தது. ஜப்பான் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஜப்பானிய நிறுவனங்கள் தாமாகவே ரஷ்யாவைத் தவிர்த்தன. மார்ச் 9 அன்று ஃபின்ஏர் டோக்கியோ சேவையை மீண்டும் தொடங்கியபோது விமானம் போனது பழைய வழியில்: துருவம், பெரிங் நீரிணை, பசிபிக்.

வழி பழையது, நிபந்தனைகள் புதியவை. 1983இன் டிசி-10க்கு மூன்று எஞ்சின். ஏ350க்கு இரண்டு. இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு ஒரு விதி: ஓர் எஞ்சின் நின்றுபோனால், மிச்சமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைய முடிய வேண்டும். ரஷ்ய நிலையங்களைக் கணக்கில் சேர்க்க முடியாத நிலையில் ஆர்க்டிக்கில் மிஞ்சுபவை ஸ்வால்பார்ட், கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா. ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. ஃபின்ஏர் 300 நிமிடத்துக்கான அனுமதியோடு பறந்தது. ஒற்றை எஞ்சினில் ஐந்து மணி நேரம்! கேட்கத் திகிலாக இருந்தாலும், நவீன ஜெட் எஞ்சின்கள் பறக்கும்போது நின்றுபோவது மிக மிக அரிது என்பதால்தான் அப்படி ஓர் அனுமதியே தரப்படுகிறது.

குளிரும் ஒரு பிரச்சினை. துருவக் குளிர்காலத்தில் பறக்கும் உயரத்தில் வெளி வெப்பநிலை மைனஸ் 65 டிகிரிக்கும் கீழே இறங்கும். விமான எரிபொருளில் பரவலாகப் புழங்கும் வகை மைனஸ் 47இல் உறையத் தொடங்கும். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் குளிர்ந்துகொண்டே வரும்; விமானிகள் அந்த அளவுமானியின் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். அபாய எல்லையை நெருங்கினால் சற்றுக் கீழே, வெப்பம் கூடிய காற்றுக்கு இறங்குவார்கள். இல்லாவிட்டால் வேகத்தைக் கூட்டுவார்கள். காற்றின் உராய்வும் அழுத்தமும் இறக்கையைச் சில டிகிரி சூடாக்கும்.

இதுவரை காற்று அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு பேசிவிட்டோம். ஊர்ப் பெயர் இரண்டைத் தட்டினால் பயண நேரம் சொல்லும் கணிப்பான்களும் இதையேதான் செய்கின்றன: தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணியைக் கூட்டிவிடும். ஆனால் உலகிலேயே மிகப் பலமாக மேல்காற்று வீசும் இடங்களில் ஒன்று, குளிர்கால ஜப்பானின் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. சைபீரியாவின் உறைகுளிர்க் காற்றும் பசிபிக்கின் வெதுவெதுப்பான காற்றும் அடுத்தடுத்து நிற்பதால் அழுத்த வேறுபாடு உயரே போகப் போகக் கூடும். பூமியின் சுழற்சி அந்தக் காற்றை மேற்கிலிருந்து கிழக்காகத் திருப்பிவிடும். 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இந்த ஜெட் காற்றோட்டத்தை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசபுரோ ஓயிஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே தத்தேனோ ஆய்வுக்கூடத்திலிருந்து 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டுத் தொலைநோக்கியால் பின்தொடர்ந்து, மணிக்கு 250 கிலோமீட்டர் அளவிலான காற்றைக் கண்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926இல் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். விளைவு, ஏறக்குறைய யாரும் படிக்கவில்லை. 1944இல் டோக்கியோவின் மேல் குண்டுபோட வந்த அமெரிக்க பி-29 விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிக் குறி தவறிய பிறகுதான் மேற்குலகம் அதைக் கவனித்தது.

காற்றுக் கணக்கில் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. போகும்போது காற்று தள்ளும், வரும்போது தடுக்கும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 7,830 கிலோமீட்டரை மணிக்கு 900 வேகத்தில், காற்றே இல்லாமல் போய்வந்தால் 17.4 மணி நேரம். வழி நெடுக மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று என்றால் போக 7.83, வர 9.79, மொத்தம் 17.6. தடுக்கும் காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம் என்பதால் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும்.

இங்கேதான் ரஷ்யாவைச் சுற்றும் இரண்டு வழிகளும் விநோதமாகக் கைகொடுக்கின்றன. துருவ வழிக்கு மாற்றாகத் தெற்கு வழி ஒன்றும் உண்டு: கருங்கடல் பக்கமாக இறங்கி, காகசஸ், கஜகஸ்தான், சீனா, கொரியா என்று கிழக்கே போவது. டோக்கியோ போகும்போது அந்த வழியில் காற்று முதுகில் இருக்கும். திரும்பும்போது அதே வழி முகத்தில் அறையும். ஆகவே திரும்பும் விமானம் மேற்கே ஹெல்சின்கிக்குப் போக முதலில் கிழக்கே, பசிபிக் பக்கம் மூக்கைத் திருப்பும். ஜெட் காற்று அலாஸ்காவை நோக்கித் தள்ளிவிடும். அதற்கப்பால் ஆர்க்டிக்கில் காற்று அவ்வளவு பலமில்லை. தெற்கே போய் வடக்கே திரும்பியவர் எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்துவிடுகிறார். டோக்கியோ போய்வந்ததாகச் சொல்லிக்கொள்பவர் உண்மையில் உலகைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். எந்த நாளில் எந்த வழி என்பதை அன்றைய காற்று வரைபடத்தைப் பார்த்துக் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முடிவுசெய்கிறார்கள்.

கூடுதல் மூன்றரை மணி நேரத்துக்கான விலை எரிபொருளில்தான் கடுமையாகத் தெரியும். சுமக்கும் களைப்பைப் போக்கவே பாதி தீர்ந்துவிடும் கட்டுச்சோறு போன்றது அது: எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்கு 3 முதல் 4 சதவீதம் அந்த டன்னைத் தூக்கிப்போகவே எரிந்துவிடும் என்பது தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. ஏ350 விமானத்தின் தொட்டிகள் முழுக்க நிறைந்தால், கிளம்பும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளாகவே இருக்கும். நீண்ட வழியில் போக வேண்டுமானால் சில நாட்களில் சரக்கைக் குறைக்க வேண்டியிருக்கும். 24 மணிக்குள் போய்த் திரும்பும் கணக்கும் உடைந்துபோனதால் அதே சேவைக்கு அதிக விமானங்கள் வேண்டும்.

சீன நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவை இன்றும் சைபீரியாவின் மேல்தான் பறக்கின்றன. பெய்ஜிங்கிலிருந்து லண்டனுக்கு ஒரே வகை விமானத்தில், ஒரே நாளில், ஒரு நிறுவனத்தின் பயணம் மற்றதைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைவு என்றால் கட்டணத்தில் போட்டியிடுவது எப்படி? 2024இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டன்–பெய்ஜிங் சேவையையும், வெர்ஜின் அட்லாண்டிக் லண்டன்–ஷாங்காய் சேவையையும், லுஃப்தான்சா பிராங்க்ஃபர்ட்–பெய்ஜிங் சேவையையும் நிறுத்திக்கொண்டன. அந்த வழித்தடங்களில் சீன நிறுவனங்களின் விமானங்கள் தொடர்ந்து ஓடுகின்றன.